மறதி நோயுள்ள அத்தையோடு கொழும்புக்கு வரலாமா?

அன்புள்ள தங்கைக்கு,

கணவருக்குக் கொழும்பில் வேலை, வெள்ளவத்தையில் வீடு பார்க்கிறோம் என்று கோவையிலிருந்து எழுதியிருந்தீர்கள். கூடவே வரும் உங்கள் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, சர்க்கரை, இரத்த அழுத்தம், மூட்டுவலி. போதாததற்கு மறதி, பொழுது சாய்ந்தால் சந்தேகமும் கோபமும். "இத்தனையையும் சேர்த்துக் கவனிக்க அங்கே ஏதாவது அமைப்பு உண்டா?" என்பது உங்கள் கேள்வி. நான் தூத்துக்குடியிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்து, தலை நரைத்தவள். என் மாமனாரை இதே நோயோடு கடைசிவரை வீட்டில் வைத்துப் பார்த்தோம். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் சேர்த்துக் கவனிக்கும் ஒரே இடம் என்று எதுவும் இல்லை. நல்ல உதவிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக உண்டு. அவற்றைக் கோக்கும் வேலை வீட்டில் ஒருவர் தலையில்தான் விழும். அது நீங்கள்தான் என்று உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.

இலங்கையின் பொதுச் சுகாதாரத்துக்கு நல்ல பெயர் உண்டு. 1926-இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கினார்கள். இன்றும் கர்ப்பிணியையும் கைக்குழந்தையையும் பார்க்க மருத்துவ மாது வீடு தேடி வருகிறார். ஆனால் பிள்ளை பெற்றவளுக்கு வாய்த்தது மூத்தவர்களுக்கு வாய்க்கவில்லை. 2012 கணக்கெடுப்பிலேயே 60 வயதைத் தாண்டியவர்கள் 12.4 சதவீதம்; ஏற்பாடுகள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை என்பது என் எண்ணம். கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம் வழியாகக் கிடைக்கும் உதவித்தொகைகள் இந்நாட்டுக் குடிமக்களுக்கானவை. அரசு வைத்தியசாலையில் எல்லாம் இலவசம் என்பதும் அவர்களை வைத்துச் சொல்வதுதான். உங்கள் விசாவுக்கு என்ன நடைமுறை என்று முதல் நாளே பதிவு மேசையில் கேட்டுவிடுங்கள்.

நிபுணர்கள் பகலில் அரசு வைத்தியசாலையில் இருப்பார்கள். மாலையில் தனியார் வைத்தியசாலையில் அவர்களைச் 'சனல்' செய்யலாம். முன்பதிவு செய்து, காசு கட்டி, எண் வரும்வரை காத்திருப்பதற்கு இங்கே அப்படிப் பெயர். வசதிதான். ஆனால் சர்க்கரைக்கு ஒருவர், மறதிக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர் என்று சனல் செய்துகொண்டே போனால், ஒருவர் எழுதிய மருந்து மற்றவருக்குத் தெரியாது. வீட்டுக்குப் பக்கத்தில் தமிழ் பேசும் குடும்ப வைத்தியர் ஒருவரைப் பிடியுங்கள். எந்த நிபுணர் எதை எழுதினாலும் அவர் கண்ணில் பட்ட பிறகே அத்தையின் வாய்க்குப் போக வேண்டும். கோவை டாக்டரிடம் மருந்துகளின் மூலப்பெயரை எழுதி வாங்கி வாருங்கள். அங்கே விற்கும் பெயர் இங்கே இல்லாமல் போகலாம். மெட்ஃபார்மின், டொனெபெசில் என்று எழுதியிருந்தால் எந்தப் பாமசியிலும் புரியும். அரசின் ஒசுசல மருந்துக் கடைகளில் விலை நியாயமாக இருக்கும். 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துக்கு அலைந்த பிறகு, கடைசி அட்டையைத் தொடும்வரை நாங்கள் காத்திருப்பதே இல்லை.

அந்திக் கோபத்தைப் பற்றி ஒன்று. எல்லாவற்றையும் மறதி நோயின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குச் சர்க்கரை தாழ்ந்தாலும் குழப்பமும் எரிச்சலும் வரும். முதலில் விரலில் குத்திப் பாருங்கள். ஓரிரு நாளில் திடீரென்று ஆளே மாறிப்போனால் சிறுநீர்த் தொற்றோ நீரிழப்போ காரணமாக இருக்கலாம். தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். இந்த ஊர்ப் புழுக்கத்தில் உடம்பு நீரை இழப்பது தெரியவே தெரியாது.

இனி வீடு. தரகர் உங்களுக்குக் கடல் தெரியும் மாடியைத்தான் காட்டுவார். வேண்டாம். வெள்ளவத்தையில் காலி வீதிக்கு (Galle Road) கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கைகள் மரைன் டிரைவில் போய் முடியும். அதைத் தாண்டினால் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். கதவைத் திறந்துகொண்டு நடக்கும் பழக்கம் உள்ளவரை அந்தப் பக்கம் குடிவைக்கக் கூடாது. நாங்கள் நிலப்பக்கம்தான் இருந்தோம். கீழே காவலுக்கு இருந்தவர் காலியைச் சேர்ந்த பெரியவர், அரைகுறைத் தமிழ். மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு "கடைக்கு நேரமாகிவிட்டது" என்று இறங்கி வந்தால் அவர் மறிக்க மாட்டார். "கடை இன்னும் திறக்கவில்லை ஐயா, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம்" என்று தன் நாற்காலியில் உட்கார வைத்து, கேட்டைச் சாத்திவிட்டு எங்களை அழைப்பார். எந்தத் திட்டத்தின் கீழும் வராத இந்த உதவிதான் எங்களைக் காப்பாற்றியது. குடிவந்த அன்றே காவலாளி, பக்கத்து வீடு, மூலைக்கடை மூவருக்கும் அத்தையை அறிமுகம் செய்யுங்கள். நோயை மறைக்காதீர்கள். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் பெயரும் உங்கள் எண்ணும் எழுதிய அட்டை அவர் மேல் எப்போதும் இருக்கட்டும்.

பகற்பொழுதை நிரப்புவதுதான் பெரிய பாடு. மருதானைப் பக்கம் லங்கா அல்சைமர் பவுண்டேஷன் இருக்கிறது. நினைவாற்றல் சோதனை, பகல்நேரச் செயற்பாடுகள், பராமரிப்பவர்களுக்கு ஆலோசனை எல்லாம் உண்டு. தமிழ் பேசுபவர் இருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள். மற்ற நாட்களில் மயூரபதி அம்மன் கோவில் இருக்கிறது. தினமும் அதே நேரம், அதே வழி. அத்தைக்கு வாசிக்கும் பழக்கம் இன்னும் மிச்சமிருந்தால் தமிழ்ச் சங்க நூலகமும் பக்கத்தில்தான்.

அவசரத்துக்கு 1990 என்ற எண்ணில் சுவசெரிய அம்புலன்ஸ். 2016-இல் இந்திய உதவியோடு தொடங்கியது, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். வீட்டில் சமாளிக்க முடியாத மனக்குழப்பம் என்றால் அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி எண் 1926. அங்கொடை என்றதும் ஊரார் முகம் சுளிப்பார்கள். பொருட்படுத்தாதீர்கள், முதியவர்களின் மனநலத்துக்கு அங்கே தனிப் பிரிவே இருக்கிறது. உங்களுக்கே தாங்க முடியாமல் போனால் சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பு இருக்கிறது. 1974 முதல் மனிதர்களின் பாரத்தைக் காதுகொடுத்துக் கேட்டுவருகிறார்கள். சொன்னது வெளியே போகாது.

உங்கள் நாத்தனார் சென்னையில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஆண்டுக்கு ஒரு மாதமாவது அவர் இங்கே வந்து தன் தாயைப் பார்த்துக்கொள்வார் என்பதை மூட்டை கட்டும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். அத்தையை அங்கே அனுப்புவது சரிவராது. இடம் மாறினால் இன்னும் குழம்பிப்போவார். விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. இந்தப் பேச்சை உங்கள் கணவர் எடுக்கட்டும், நீங்கள் எடுக்காதீர்கள்.