இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் எச்.ஐ.வி. சிகிச்சை ஊசி எங்கள் தோட்டப்புற கிளினிக்குகளுக்கு வந்தால் உண்மையில் பயன் உண்டா?

மலேசியாவில், பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டப் பட்டணத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். இங்கே ஒருவர் தும்மினால் அடுத்த தாமானிலிருந்து (குடியிருப்பிலிருந்து) 'நூறு வயது' என்பார்கள். எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடத் தொடங்கி 11 ஆண்டுகள் ஆகின்றன. இரத்தப் பரிசோதனையில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து வெகுகாலமாகிறது. அந்த நிலையிலேயே தொடர்ந்து இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாக மற்றவருக்கு அது தொற்றாது.

பயன் உண்டு. தினமும் மாத்திரை விழுங்குவதுதான் பெரும்பாடு என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு மாத்திரை, ஒரு வாய்த் தண்ணீர், அதில் என்ன பாடு? பாடெல்லாம் போத்தலில்தான். நான் அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறேன். வீட்டுக்கு ஒரே அலமாரி. போத்தலின் லேபிளைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடுவேன். குலுங்கிச் சத்தம் வராதபடி உள்ளே பஞ்சு திணித்து வைப்பேன். ஒருநாள் அண்ணி, "தம்பி, அந்த வைட்டமினில் எனக்கும் இரண்டு கொடுங்களேன், கை கால் எல்லாம் அசதியாக இருக்கிறது" என்றார். "சூட்டு உடம்புக்கு ஆகாது அண்ணி" என்று சொல்லித் தப்பித்தேன். ஊசி என்றால் வீட்டில் ஒளித்துவைக்க ஒன்றுமே இல்லை. அதோடு, தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸர் காலத்திலிருந்தே ஊசி போடாமல் அனுப்பினால் வைத்தியமே பார்க்கவில்லை என்று முணுமுணுக்கும் சனங்கள் நாம்.

ஊசியின் விவரம் இது. கபோடெக்ராவிர், ரில்பிவிரின் என்று இரண்டு மருந்துகள், பிட்டத்தில் பக்கத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் 3 மில்லி. (சில நாள் வலிக்குமாம். லோரிக்காரனுக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா?) முதல் இரண்டு தவணைகளுக்கு இடையே ஒரு மாதம், அதன் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. குறித்த தேதிக்கு 7 நாள் முன்பின் போகலாம். 2025 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் இதை மாற்று வழியாகப் பரிந்துரைத்தது. மாத்திரையால் வைரஸை முழுதாக அடக்கியிருக்க வேண்டும், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி தொற்றும் இருக்கக் கூடாது; அப்படிப்பட்டவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். நாங்கள் விழுங்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் இருக்கும் டெனோஃபோவிர் ஹெபடைட்டிஸ் பி வைரஸையும் சேர்த்தே அடக்குகிறது. ஊசிக்கு அந்த வேலை தெரியாது. பரிசோதிக்காமல் மாறினால் கல்லீரல் மாட்டிக்கொள்ளும்.

தவணை தவறுவதுதான் எனக்குப் பெரிய பயம். ஊசியை நிறுத்தினாலும் மருந்து ஓராண்டு வரையோ அதற்கும் மேலோ உடலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். வெட்டாமல் விட்ட ரப்பர் மரத்து மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) மழைத்தண்ணீர் தேங்கினால் கொசு பெருகுமே, அதுபோல அந்த அரைகுறை மருந்தில் வைரஸ் பழகி எதிர்ப்புச் சக்தி பெற்றுவிடலாம். பக்கத்து மாநிலமான பகாங்கில் பழ அறுவடைக்குப் போய் மாதக்கணக்கில் திரும்பாதவர்கள் எங்களில் உண்டு. அவர்களைத் தேடிப் பிடிக்க ஆள் வேண்டும்.

சிறு கிளினிக்கால் இது முடியுமா என்றால், முடியும். ரில்பிவிரினுக்கு 2 முதல் 8 டிகிரி குளிர் வேண்டும். குழந்தைகளின் தடுப்பூசிக்காக அந்தக் குளிர்பெட்டி அரசாங்க கிளினிக்கில் ஏற்கெனவே இருக்கிறது. மூன்று மாதக் கர்ப்பத்தடை ஊசியையும், மனநோயாளிகளுக்கான மாதாந்திர ஊசியையும் தேதி பார்த்துப் போட்டுப் பழகிய தாதிகள் இருக்கிறார்கள். உகாண்டா, கென்யா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் 512 பேரை வைத்து நடந்த ஆய்வில், வைரஸை அடக்குவதில் ஊசி மாத்திரைக்குச் சளைக்கவில்லை. அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

விலைதான் மலை. 2021இல் அமெரிக்காவில் இது வந்தபோது மாதத் தவணைக்கு 3,960 டாலர். ஆனால் மலேசியாவுக்கு இது புதிய சண்டை இல்லை. 2003இல் அரசாங்கம் காப்புரிமையை மீறும் தன் சட்ட உரிமையைப் பயன்படுத்தி இந்தியாவிலிருந்து எச்.ஐ.வி. மருந்துகளை இறக்குமதி செய்தது; சிகிச்சைச் செலவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. 2017இல் ஹெபடைட்டிஸ் சி மருந்துக்கும் அதையே செய்தது.

பணம் கிடைத்தாலும் தீராத ஒன்று இருக்கிறது. நான் முதலில் போன கிளினிக்கில் எங்களுக்கென்று வியாழக்கிழமை ஒதுக்கியிருந்தார்கள். நல்ல எண்ணத்தில்தான். மூன்றே மாதத்தில், வியாழக்கிழமை அந்த மரப் பெஞ்சில் உட்கார்ந்தால் என்ன வியாதி என்று பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்காரருக்கும் தெரிந்துபோயிற்று. தேதியை நினைவூட்ட வந்த அழைப்பை ஒருமுறை அண்ணி எடுத்துவிட்டார். அன்றிலிருந்து அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, ஈப்போவுக்கு பஸ் ஏறுகிறேன். இங்கேயே ஊசி வந்தால் ஆண்டுக்கு ஆறு முறை அதே பெஞ்சா? இனிப்பு நீர்க்காரர்களும் இரத்த அழுத்தக்காரர்களும் வருகிற நாளில், அதே எண் சீட்டோடு, அதே அறையில் எனக்கும் போட்டால் வருவேன். நினைவூட்டும் குறுஞ்செய்தியில் தேதியும் நேரமும் போதும்.

உங்கள் கிளினிக்கில் தாராளமாகக் கேளுங்கள். ஹெபடைட்டிஸ் பி முடிவையும் சேர்த்துக் கேளுங்கள். எத்தனை பேர் கேட்டார்கள் என்பது மேலே போகும் கணக்கில் ஏற வேண்டும். அதுவரை மாத்திரையை ஒருநாளும் விட்டுவிடாதீர்கள். பஞ்சு மருந்துக்கடையில் மலிவாகவே கிடைக்கிறது.