ஐந்து வாரக் குழந்தையின் அழுகைக்கு மண்டையோட்டுச் சிகிச்சை: போகலாமா?

கேள்வி: நாங்கள் பீடோர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். என் இரண்டாவது மகனுக்கு ஐந்து வாரம் ஆகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு அழ ஆரம்பித்தால் ஒன்பது, பத்து மணி வரை வீறிடுகிறான். பால் நன்றாகக் குடிக்கிறான், எடையும் ஏறுகிறது என்று கிளினிக் தாதி சொன்னார். உரம் விழுந்திருக்கும் என்கிறார் மாமியார். ஈப்போவில் 'கிரேனியல் ஆஸ்டியோபதி' செய்கிற ஒருவரிடம் போகச் சொல்கிறாள் தோழி. பிரசவத்தில் மண்டை அழுந்தியதால்தான் அழுகிறான், ஆறு தடவை வந்தால் சரியாகிவிடும் என்று அவர் சொன்னாராம். ஒரு தடவைக்கு 180 ரிங்கிட். மூத்தவனுக்கு ஐந்து வயது, அடிக்கடி காதுவலி. எனக்கும் இந்த வாரம் தலைவலி. குடும்பமாகப் போனால் மூவரையும் பார்ப்பார்களாம். போகலாமா டாக்டர்?

பதில்: தங்கச்சி, கடைசியில் போகிற போக்கில் எழுதினீர்களே, அந்தத் தலைவலியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பிள்ளை பெற்று ஆறு வாரம்கூட ஆகாத ஒரு பெண் தலைவலி என்றால், தூக்கம் கெட்டதால் வந்தது என்று நான் முடிவு கட்டமாட்டேன். ரத்த அழுத்தம் பார்த்த பிறகுதான் பேசுவேன். கர்ப்பத்தில் அழுத்தம் சரியாக இருந்தவர்களுக்கும் பிரசவத்துக்குப் பிறகு ஏறுவதுண்டு. நாளைக் காலை தோட்டத்துக்குப் பக்கத்திலுள்ள அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள், ஒரு ரிங்கிட்தான். தலைவலியோடு கண்ணில் பூச்சி பறப்பது, மேல்வயிற்றில் வலி, முகமும் கையும் வீங்குவது, மூச்சு வாங்குவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கக் கை மரத்துப்போவது இதில் எது இருந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். ராத்திரியே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். தலையைத் தொட்டுப் பார்ப்பவரின் விரலுக்கு உங்கள் ரத்த அழுத்தம் தெரியாது. எனக்கு உள்ள முதல் கவலை அதுதான்.

சரி, சின்னவனுக்கு வருவோம். நீங்கள் எழுதியிருப்பது, நன்றாக வளர்கிற குழந்தையின் சாயங்கால அழுகைக்கு அச்சு அசலான விவரம். பிறந்து இரண்டு வாரத்தில் மெல்லத் தொடங்கி, ஆறாவது வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்கும். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் அழுதால் அதைக் 'கோலிக்' என்று சொல்லலாம் என 1954-லேயே ஒரு கணக்கு வைத்தார்கள். உங்கள் மகன் இப்போது அந்த உச்சத்தை நெருங்குகிறான். அடுத்த இரண்டு வாரம் இன்னும் கொஞ்சம் கூடலாம். அப்போது உங்கள் கவனிப்பில் குறை என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

இந்த நாள்கணக்கைத் தெரிந்துகொண்டால் மற்றது பாதி புரிந்துவிடும். ஆறாவது வாரத்தில், இனித் தாங்காது என்ற நிலையில், ஒரு தாய் சிகிச்சைக்குப் போகிறாள். வாரம் ஒரு தடவையாக ஆறு தடவை முடியும்போது குழந்தைக்கு மூன்று மாதம். அழுகை அடங்குகிறது. யார் கைக்கு அந்தப் பெயர் போகும்? உரம் எடுத்த பாட்டிக்கும் இப்படித்தான் பெயர் கிடைத்தது.

உரம் எடுப்பதை நான் சிறு வயதில் லயத்து வாசலில் பார்த்திருக்கிறேன். பழைய பருத்திச் சேலையை இரண்டாக மடித்து, குழந்தையை நடுவில் போட்டு, இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இப்படியும் அப்படியும் உருட்டுவார்கள். குழந்தை ஒரு நிமிடம் திகைத்து அழுகையை நிறுத்தும். "பாத்தியா, எடுத்தாச்சு" என்பார்கள். அந்தப் பாட்டிகளின் அக்கறையில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் ஐந்து வாரத்தில் கழுத்து நிற்காது. சேலையில் உருட்டும்போது தலை துவண்டு ஆடும். அதனால் இதை மட்டும் வேண்டாம் என்று மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அவர் கைக்கு வேறு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

ஈப்போவில் சொல்லப்படுவதும் கிட்டத்தட்ட இதே கதைதான்: உள்ளே ஏதோ இடம் மாறியிருக்கிறது, கையால் சரிசெய்யலாம் என்பது. ஆஸ்டியோபதி, எலும்பையும் தசையையும் கையால் அழுத்தியும் நீவியும் செய்கிற ஒரு முறை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்க மருத்துவர் தொடங்கியது. மிசௌரி மாநிலத்தில் கர்க்ஸ்வில் என்ற ஊரில் 1892-ல் அவர் பள்ளியும் திறந்தார். அங்கே படித்த வில்லியம் சதர்லாந்து, 1899-ல் தனித்தனியாகப் பிரித்து வைத்த ஒரு மண்டையோட்டைப் பார்த்தார். பொட்டு எலும்பின் ஓரம் மீனின் செவுள்போல் சரிந்திருப்பதைக் கண்டதும், இது அசைவதற்காக அமைந்தது என்று அவருக்குத் தோன்றியது. அந்த எண்ணத்திலிருந்து வளர்ந்ததுதான் கிரேனியல் ஆஸ்டியோபதி. மூளையைச் சுற்றியுள்ள நீருக்குத் தனியாக ஒரு மூச்சு இருக்கிறது, அதற்கேற்ப மண்டை எலும்புகள் நிமிடத்துக்குச் சில தடவை அசைகின்றன, பயிற்சி பெற்ற விரலுக்கு அது தெரியும் என்பது அதன் அடிப்படை.

இதில் எது உண்மை? குழந்தையின் மண்டை எலும்புகள் இன்னும் ஒட்டவில்லை, அது உண்மை. பிரசவத்தில் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தலை நீண்டு போவதும் உண்மை. ஆனால் அது சில நாளில் தானாகச் சரியாகும். குளிப்பாட்டும்போது எண்ணெய்க் கையோடு உச்சிக்குழியில் விரல் வைத்துப் பாருங்கள், மெல்லத் துடிக்கும். அது இருதயத் துடிப்பு. அழும்போது கொஞ்சம் மேலெழும், அமைதியானதும் தணியும். ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலும் மூடிவிடும். ஆனால் சதர்லாந்து சொன்ன தனி மூச்சை யாரும் நிரூபிக்கவில்லை. ஒரே தலையை இரண்டு சிகிச்சையாளர்கள் தனித்தனியே தொட்டு எண்ணினால் எண்ணிக்கை ஒத்துப்போவதில்லை என்றுதான் சோதனைகள் காட்டின. பெரியவர்களுக்கோ மண்டை எலும்புகள் பல்லும் பல்லும் கோத்ததுபோல் இறுகியிருக்கும், விரல் அழுத்தத்துக்கு அசையாது.

அழுகை குறைகிறதா என்றும் பார்த்திருக்கிறார்கள். 2006-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 28 குழந்தைகள். சிகிச்சை பெற்றவர்கள் குறைவாக அழுதார்கள் என்று வந்தது. ஆனால் எந்தக் குழந்தைக்குச் சிகிச்சை, எதற்கு இல்லை என்பது தாய்மாருக்குத் தெரியும், அழுகையைக் குறித்து வைத்ததும் அவர்கள்தான். 2012-ல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டிச் சீர்தூக்கிப் பார்க்கிற காக்ரேன் குழுவினர் இத்தகைய கைச் சிகிச்சைகள் பற்றிய ஆறு ஆய்வுகளை, மொத்தம் 325 குழந்தைகளை, சேர்த்துப் பார்த்தார்கள். எந்தக் குழந்தைக்குச் சிகிச்சை என்று பெற்றோருக்குத் தெரியாதபடி நடத்திய ஆய்வுகளை மட்டும் எடுத்தபோது, பலன் என்று உறுதியாகச் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. பெருமூளை வாதம் உள்ள 142 பிள்ளைகளிடம் கிரேனியல் ஆஸ்டியோபதியைச் சோதித்த ஆய்வு 2011-ல் வந்தது. அதிலும் பிள்ளைகளின் உடல் இயக்கத்தில் முன்னேற்றம் தெரியவில்லை. பெருமூளை வாதப் பிள்ளையை வைத்துக்கொண்டு கடன் வாங்கி அலைகிற பெற்றோரைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதையும் சொல்கிறேன்.

"அரசாங்கமே அங்கீகரித்த முறையாமே" என்பார்கள். 2016-ல் வந்த பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின் கீழ் ஆஸ்டியோபதியும் ஒரு பிரிவு, அது சரிதான். சிகிச்சை செய்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. அவர் சொல்கிற ஒவ்வொன்றும் நிரூபணமானது என்று அதற்குப் பொருளில்லை.

ஆறு தடவைக்கு 1,080 ரிங்கிட். நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700. குலை வெட்டுகிறவர் கையில் அந்த ஆயிரம் எப்படிச் சேர்கிறது என்று எனக்குத் தெரியும். என் பதில், போக வேண்டாம் என்பதுதான். மெல்லத் தொடுவதால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. அதற்கும் மேலாகக் கழுத்தைத் திருப்புவது, சொடக்கு எடுப்பது என்றால் பச்சைக் குழந்தைக்குக் கூடவே கூடாது. தடுப்பூசி போடாதே, கிளினிக் மருந்தை நிறுத்து என்று யார் சொன்னாலும் அந்த இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

காசைவிட எனக்குப் பெரிய பயம், எல்லாரும் தலையையே பார்ப்பதில் மற்றது விட்டுப்போவது. ஒருமுறை இரண்டு மாதக் குழந்தை ஒன்றைத் தூக்கி வந்தார்கள். இரவு முழுக்க அழுகை. உரம் எடுத்தாயிற்று, திருஷ்டி சுற்றியாயிற்று. நான் காலுறையைக் கழற்றினேன். இடது காலின் மூன்றாவது விரல் நாவல் பழம்போல் வீங்கியிருந்தது. அடியில் ஒரே ஒரு நீளமான தலைமுடி, விரலைச் சுற்றி இறுகி, சதைக்குள் புதைந்து கிடந்தது. பிள்ளை பெற்ற தாய்க்கு முடி கொட்டும். அந்த முடி காலுறைக்குள்ளும் கையுறைக்குள்ளும் போய்ச் சுற்றிக்கொள்ளும். கண்ணாடி வைத்துப் பார்த்து வெட்டி எடுத்தோம், விரல் பிழைத்தது. இன்று சாயங்காலம் அவன் அழும்போது துணியெல்லாம் கழற்றி, கை கால் விரல்கள், ஆண் குறி, தொடையிடுக்கில் குடல் இறங்கிய வீக்கம், காதுப்பக்கம் எல்லாம் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள்.

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. பச்சையாக வாந்தி, பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, மலத்தில் ரத்தம், நனைகிற நாப்கின் பாதியாகக் குறைவது, அமைதியாக இருக்கும்போதும் உச்சி புடைத்திருப்பது அல்லது குழிந்திருப்பது, வழக்கமில்லாத கீச்சுக் குரல் அழுகை, மூச்சுத் திணறல் எல்லாமே அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை. அப்புறம் இன்னொன்று, பலர் கவனிக்காதது: கண்ணில் மஞ்சள் இன்னும் இருக்கிறதா, மலம் சுண்ணாம்புபோல் வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் பித்தக்குழாய் அடைப்பா என்று உடனே பார்க்க வேண்டும். அதற்கான அறுவை சிகிச்சைக்கு இரண்டு மாதத்துக்குள் போவது மிக நல்லது. மண்டை ஒரு பக்கம் தட்டையாக இருந்தாலும், கழுத்து ஒரே பக்கம் சாய்ந்தாலும் கிளினிக்கில் காட்டுங்கள், அதற்கு உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவு உண்டு. மண்டைப் பொருத்துகள் சீக்கிரமே ஒட்டிக்கொள்கிற அபூர்வமான நிலையையும் டாக்டர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வீட்டில் செய்வது எளிது, ஆனால் களைப்பானது. மார்போடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு நடங்கள். பால் குடித்ததும் தோளில் சாய்த்து ஏப்பம் விடவையுங்கள். விளக்கைக் குறைத்து, விசிறிச் சத்தத்தில் ஒரே சீராக ஆட்டுங்கள். மாமியாருக்கு இங்கேதான் வேலை: குளிப்பாட்டி, தேங்காய் எண்ணெய் தேய்த்து, காலையும் வயிற்றையும் மெதுவாக நீவிவிடச் சொல்லுங்கள். அந்தத் தொடுகை குழந்தைக்குப் பிடிக்கும், அதற்கு 180 ரிங்கிட் வேண்டாம். உரை மருந்து வேண்டாம். கற்பூரம் கலந்த எண்ணெயும் வேண்டாம். பிறந்தபோதே ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கிற ஒரு நொதி) குறைவாக இருக்கிறதா என்று பரிசோதனை செய்திருப்பார்கள், கிளினிக் புத்தகத்தில் முடிவு இருக்கும். குறைபாடு என்றிருந்தால் துணி அலமாரியில் அந்துருண்டையும் வைக்கக் கூடாது.

தாங்க முடியாத நேரம் வரும். எல்லாத் தாய்க்கும் வரும். அப்போது குழந்தையை மல்லாக்கப் பாதுகாப்பாகப் படுக்க வைத்துவிட்டு, கதவைச் சாத்தி, பத்து நிமிடம் வாசலில் போய் நில்லுங்கள். பத்து நிமிடம் அழுவதால் அவனுக்கு ஒன்றும் ஆகாது. கோபத்தில் ஒரு முறை உலுக்கினால் மூளையில் ரத்தம் கசியும். இதை உங்கள் கணவருக்கும் படித்துக் காட்டுங்கள். மனம் கனத்துப்போய், எதிலும் ஒட்டாமல், அழுதுகொண்டே இருக்கிறீர்கள் என்றால் கிளினிக்கில் வாய்விட்டுச் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555.

மூத்தவன் காதுக்கும் மண்டைக்கும் சம்பந்தமில்லை. அடிக்கடி காதுவலி வருகிற பிள்ளைக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தங்கிவிடலாம். பெரும்பாலும் மூன்று மாதத்தில் வற்றிவிடும், வற்றாவிட்டால் காது மந்தமாகும். முதுகுப் பக்கம் நின்று மெல்லப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்புகிறானா? டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறானா? ஒன்றாம் ஆண்டில் சேர்கிற வயது நெருங்குகிறது. அதற்கு முன் காதைப் பார்த்து, தேவையானால் செவித்திறன் பரிசோதனைக்குக் கடிதம் வாங்கிவிடுங்கள்.

நாளைக் காலை உங்கள் ரத்த அழுத்தம் பார்க்கப் போகும்போது இரண்டு பிள்ளைகளையும், இருவர் கிளினிக் புத்தகத்தையும் கையோடு கொண்டுபோங்கள். சின்னவன் எத்தனை மணிக்கு அழ ஆரம்பித்தான், எப்போது நிறுத்தினான் என்று இன்றிரவிலிருந்து ஒரு தாளில் குறித்துவையுங்கள். அடுத்த தடவை போகும்போது அதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.