‘பிரிஞ்சா உன் கார்டு போயிடும்’ என்று மிரட்டுகிறார்கள், உண்மையா?

பிரெஞ்சு நேஷனாலிட்டி மாப்பிள்ளைக்கு எட்டு மாதம் முன்பு கட்டிக்கொடுத்த தங்கை பாரிஸ் பக்கத்தில் அடி வாங்குகிறாள், ‘பிரிஞ்சா கார்டு (பிரான்சில் தங்கும் அனுமதி அட்டை) போயிடும், ஊருக்கு ஏத்திவிட்டுடுவாங்க’ என்று அவர் மிரட்டுகிறார், உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொய். இதே பேச்சை என் சித்தி மகள் ஒன்றரை வருடம் நம்பினாள். முத்தியால்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு நாங்களும் நம்பினோம். நேஷனாலிட்டி மாப்பிள்ளை என்றால் புதுச்சேரியில் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லையே.

சேர்ந்து வாழ்வதை வைத்துத்தான் அந்தக் கார்டு தருகிறார்கள், அது சரி. ஆனால் பிரிவுக்குக் காரணம் கணவனின் வன்முறை என்றால், பிரிந்ததைச் சொல்லி கார்டைப் பறிக்கவோ புதுப்பிக்க மறுக்கவோ கூடாது என்று அங்குள்ள வெளிநாட்டவர் சட்டத்திலேயே இருக்கிறது. முதல் வருடம் பெரும்பாலும் விசாவே கார்டு. போய் இறங்கிய 3 மாதத்துக்குள் அதை ஆன்லைனில் பதிந்திருக்க வேண்டும். தங்கை பதிந்தாளா என்று முதலில் பாருங்கள்.

சிக்கல் என்னவென்றால், அடி விழுந்ததற்குக் காகிதம் வேண்டும். சித்தி மகள் சறுக்கியது இங்கேதான். போலீசுக்குப் போனாள், எழுதிக்கொண்டார்கள், புகார் கொடுத்தாயிற்று என்று திரும்பிவிட்டாள். நாலு மாதம் கழித்து வக்கீல்தான் சொன்னார், அது வெறும் ‘மேன் கூராந்த்’ என்று. நம் ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போடாமல் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்புவார்களே, ஏறக்குறைய அந்த மாதிரி. கேட்க வேண்டியது ‘ப்ளாந்த்’, அதாவது முறையான புகார். அதை வாங்க மாட்டோம் என்று சொல்ல போலீசுக்கு உரிமையில்லை. பிரெஞ்சு வராவிட்டால் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். காயம் இருந்தால் டாக்டர் சான்றிதழும் வேண்டும்.

அப்புறம், குடும்ப நீதிபதியிடம் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். 2010-இல் வந்த ஏற்பாடு இது. போலீஸ் புகார் இல்லாமலும் கேட்கலாம். விசாரணைக்குத் தேதி குறித்ததிலிருந்து 6 நாளுக்குள் நீதிபதி முடிவு சொல்ல வேண்டும். வீட்டை அவளுக்கு ஒதுக்கி கணவனை வெளியேறச் சொல்லலாம், அவள் முகவரியை அவனுக்குத் தெரியாமல் மறைக்கலாம். உத்தரவு கையில் இருந்தால் கார்டுக்கும் அதுவே பலம். நம் குடும்ப வன்முறைச் சட்டத்திலும் 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று இருக்கிறது. எத்தனை மனு அப்படி முடிகிறது என்று கோர்ட் வாசலில் நிற்கும் பெண்களைக் கேளுங்கள்.

ஆலோசனைக்கு அங்கே 3919 என்ற போன் எண். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, போன் பில்லில் வராது. அடி விழும் நேரத்தில் என்றால் போலீஸ் எண் 17.

நீங்கள் இங்கிருந்து செய்யக் கூடாதது, சம்பந்தி வீட்டில் போய் பஞ்சாயத்து வைப்பது. ராத்திரியே அவன் காதுக்குப் போய்விடும். ‘டிக்கெட் போடு, வந்துடு’ என்றும் அவசரப்படாதீர்கள். முடிந்தவரை காகிதத்தைச் சேர்த்துக்கொண்டு வரட்டும். பாஸ்போர்ட், விசா, லிவ்ரே (பிரெஞ்சுக் குடும்பப் பதிவுப் புத்தகம்), காயத்தின் படங்கள் எல்லாவற்றையும் உங்களுக்கு அனுப்பிவிட்டுத் தன் போனில் அழித்துவிடச் சொல்லுங்கள்.

கணவரே திடீரென்று ‘ஊருக்குப் போய் வரலாம்’ என்றால் உஷார். இங்கே கூட்டிவந்து பாஸ்போர்ட்டையும் கார்டையும் எடுத்துக்கொண்டு தனியாக விமானம் ஏறிவிடுகிறவர்கள் உண்டு. அப்படி ஆனால் ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டு, புதுச்சேரி பீச் பக்கத்தில் இருக்கும் பிரெஞ்சு துணைத் தூதரகத்துக்குப் போங்கள். கணவன் கார்டைத் திருடிக்கொண்டு போன பெண்ணுக்குத் திரும்பிப் போக விசா தர வேண்டும் என்று அவர்கள் சட்டத்திலேயே இருக்கிறது.

ஒரேயடியாக வந்துவிட்டாள் என்றாலும் வழி இருக்கிறது. அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே, அது புதுச்சேரியோ கடலூரோ, 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனு போடலாம். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார். அதற்கு 15100.

இப்போதைக்கு, அவர் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துக் கூப்பிட்டு, பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். ஸ்பீக்கரில் போட வேண்டாம் என்று அவளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.