வேலையில்லாதோர் வீதம் குறைவா இருந்தா நாடு நல்லா இருக்குன்னு அர்த்தமா?

அந்த ஒரு நம்பர மட்டும் வச்சி அப்படிச் சொல்ல ஏலாதுங்க. 2022ல நம்ம இலங்கைப் பொருளாதாரம் 7%க்கு மேல சுருங்கிச்சி, பெட்ரோலுக்கும் கேஸுக்கும் நாள்கணக்கா கியூவுல நின்னோம், ஆனா அந்த வருஷம் வேலையில்லாதோர் வீதம் 4.7% தான்.

எப்படின்னா, தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் செய்ற சர்வேல அந்த வாரத்துல ஒரு மணித்தியாலம் சம்பளத்துக்கு வேலை செஞ்சிருந்தாலே நீங்க வேலையில இருக்கிறவர். எங்க ஹட்டன் பக்கம் தோட்டத்துல தேயிலைக் கொழுந்து கொறஞ்ச நாள்ல, பறிக்க வேண்டிய கிலோ வரலன்னு அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடுவாங்க, சில வாரம் மூணு நாள் தான் வேலையே இருக்கும், அந்த அக்காமாரும் கணக்குல வேலை உள்ளவங்க தான், கொழும்புல பேங்க்ல மாசச் சம்பளம் எடுக்கிறவரும் அதே கணக்கு தான். இது எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமான விஷயம், ஏன்னா அந்த வீட்டு அடுப்பு எப்படி எரியுதுன்னு அந்த நம்பர்ல தெரியவே தெரியாது.

இன்னொன்னு, வேலை தேடித் தேடி அலுத்துப்போய் விட்டவங்க வேலையில்லாதவங்க லிஸ்ட்லயே வர மாட்டாங்க, தொழிற்படைக்கு (வேலை செய்றவங்களும் வேலை தேடுறவங்களும் சேர்ந்த கூட்டம்) வெளியில போயிருவாங்க. 2022ல மட்டும் 3 லட்சத்துக்கு மேல ஆக்கள் வெளிநாட்டு வேலைக்குப் போனாங்க, அவங்களும் இங்க கணக்குல இல்ல.

அதனால வருஷ அறிக்கைய பாக்கும்போது தொழிற்படை பங்கேற்பு வீதத்தையும், அதாவது வேலை செய்ற வயசுக்காரங்கள்ல எத்தன வீதம் பேர் தொழிற்படையில இருக்காங்கங்கிறதையும் பாருங்க, முக்கியமா பொம்பளைங்களோடத, அது மூணுல ஒண்ணு கிட்ட தான் நிக்குது. பிறகு சம்பளம் சாமான் வெலையோட சேந்து ஏறிச்சான்னு பாருங்க.