வான் கிளீஃப் கையெழுத்து: தரகர் சொல்லும் விரல் கதை

கேள்வி: நான் பழைய கௌபாய் படப் பைத்தியம். ஹாலிவுட் நடிகர் லீ வான் கிளீஃப் கையெழுத்திட்ட ‘ஹை நூன்’ ஸ்டில் ஒன்றை அமெரிக்காவிலிருந்து வரவழைத்துத் தருவதாக ஒரு தரகர் சொல்கிறார். மார்க்கரில் போட்ட கையெழுத்து, கோடு லேசாக நடுங்குகிறது. நடிகருக்கு விரல் வெட்டுப்பட்டிருந்ததால் அப்படியாம். சான்றிதழும் உண்டு. வாங்கலாமா?

பதில்: சான்றிதழை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பிரிண்டர் வைத்திருக்கும் எவரும் அதை அடித்துக் கொடுத்துவிடலாம்.

விரல் விஷயம் உண்மைதான். அவருக்கு வலது கை நடுவிரலின் நுனி கிடையாது. ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி’ (1966) படத்தின் கடைசி மோதலில், துப்பாக்கியை நோக்கி அவர் கை நகரும் க்ளோஸப்பை நிறுத்திப் பாருங்கள், தெரியும். இந்தப் பாதி உண்மையை வைத்துத்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். விரல் எப்படியிருந்தாலும், பழகிய கை தன் பெயரை மளமளவென்று எழுதிவிடும். நடுங்குவது பெரும்பாலும் மாதிரியைப் பார்த்து மெதுவாக வரைகிறவன் கைதான். கோடு முடியும் இடத்தைக் கவனியுங்கள். வேகமாக எழுதியது மெலிந்து முடியும். வரைந்தது மொட்டையாக நிற்கும்.

ஆனால் மார்க்கர் என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்கிவிட வேண்டாம். படம் வந்தது 1952இல், ஷார்ப்பி என்ற பிரபல பிராண்ட் மார்க்கர் வந்தது 1964இல். எனவே போலி என்று சிலர் அவசரப்படுவார்கள். படம் எடுத்த ஆண்டு வேறு, கையெழுத்துப் போட்ட ஆண்டு வேறு. ‘ஹை நூன்’ படத்தில் அவருக்கு ஒரு வசனம்கூட இல்லை. அப்புறம் வருஷக்கணக்கில் சில்லறை வில்லன் வேடங்கள், 1958இல் கார் விபத்து, படம் வரைந்து பிழைப்பு. 1965இல் இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனி ‘ஃபார் எ ஃப்யூ டாலர்ஸ் மோர்’ படத்தில் நடிக்க வைத்த பிறகுதான் பெரிய பெயர். அதற்கப்புறம் ஒரு ரசிகர் பழைய ஸ்டில்லை நீட்டி மார்க்கரில் கையெழுத்து வாங்கியிருக்கலாம், தப்பே இல்லை. ‘படப்பிடிப்பிலேயே போட்டது’ என்று தரகர் சொன்னால் மட்டும் சந்தேகப்படுங்கள். கையெழுத்தோடு தேதி இருந்தால் அதையும் பாருங்கள். அவர் இறந்தது 16 டிசம்பர் 1989.

கலிஃபோர்னியாவில் கையெழுத்துப் பொருள் விற்கும் வியாபாரி சான்றிதழ் தரவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. கடல் தாண்டி இருக்கும் உங்களுக்கு அதனால் என்ன லாபம்? விற்பனைத் தளங்களோ ‘நாங்கள் வெறும் சந்தை’ என்று கமிஷனை மட்டும் எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுகின்றன.

வெளிச்சத்தில் சாய்த்து, கிட்டத்தில் எடுத்த போட்டோ கேளுங்கள். மை படத்தின் மேல் தனியாக மினுங்க வேண்டும். பூதக்கண்ணாடியில் கோடு புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சடித்த கையெழுத்து. அவர் கையெழுத்திட்ட காசோலை, ஒப்பந்தம் போன்றவற்றின் படங்கள் பழைய ஏலப் பட்டியல்களில் கிடைத்தால் ஒப்பிடுங்கள். திருப்பி அனுப்பினால் முழுப் பணமும் தருவதாக எழுதி வாங்குங்கள். ‘இன்னொருத்தர் கேட்கிறார், இன்றைக்கே அட்வான்ஸ் போடுங்கள்’ என்றால், அந்த இன்னொருத்தருக்கே கொடுத்துவிடச் சொல்லுங்கள்.