குடல் கலங்குவதுதான் இரக்கமா?

மதிப்பிற்குரிய ஐயா,

மாற்கு 1:41-இல், குஷ்டரோகியைக் கண்டு இயேசு ‘மனதுருகி’ அவனைத் தொட்டார் என்று வாசிக்கிறோம். கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லின் உண்மையான பொருள் ‘குடல் கலங்குதல்’ என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டேன். இது சரியா? அச்சொல்லின் பிறப்பு என்ன?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்ட விளக்கம் பாதிதான் சரி. ‘ஸ்ப்ளாங்க்னிசோமை’ என்னும் அந்த வினைச்சொல், உள்ளுறுப்புகளைக் குறிக்கும் ‘ஸ்ப்ளாங்க்னா’ என்ற பெயரிலிருந்து பிறந்தது. பலியிட்ட விலங்கின் இதயம், ஈரல், நுரையீரல், சிறுநீரகம் ஆகியவற்றையே கிரேக்கர்கள் முதன்மையாக இப்பெயரால் குறித்தார்கள். அவற்றைத் தீயில் வாட்டி, பலியில் பங்கேற்றவர்கள் முதலில் உண்டார்கள். கிரேக்கத்தில் எழுதப்பட்ட யூத நூலான 2 மக்கபேயர் 6:8-இல் இவ்வினை பலியுணவில் பங்குகொள்வதையே குறிக்கிறது. அங்கே இரக்கத்தின் சாயலே இல்லை. பழைய கிரேக்க நாடகத்தில் சினம் கொதிக்கும் இடமாகவும் இவ்வுறுப்புகள் பேசப்படுகின்றன. கனிவு என்னும் பொருள் யூதச் சூழலில் எழுந்த கிரேக்க நூல்களில்தான் வலுப்பெற்றது. எபிரெயத்தில் இரக்கத்தைக் குறிக்கும் ‘ரஹமிம்’, கருப்பையைக் குறிக்கும் ‘ரெஹெம்’ என்பதோடு உறவுடையது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் பிறப்பு வேறு, வழக்கு வேறு. ஈரக்குலை நடுங்கியது என்று சொல்பவர் ஈரலை எண்ணிச் சொல்வதில்லை. ஆகவே சுவிசேஷங்கள் அச்சொல்லை எங்கே வைக்கின்றன என்று பார்ப்பதே முறை. புதிய ஏற்பாட்டில் அது 12 இடங்களில் வருகிறது. அனைத்தும் மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூன்றில் மட்டுமே. அதற்குரியவர் ஒன்று இயேசு, அல்லது அவர் சொன்ன உவமையில் வரும் ஒருவர்.

லூக்கா 10-இல் வரும் நல்ல சமாரியன் உவமையை நிதானமாக வாசியுங்கள். கள்ளர் அடித்துப்போட்டுக் குற்றுயிராய்க் கிடந்தவனை ஆசாரியன் கண்டான், லேவியன் கண்டான், சமாரியனும் கண்டான். மூவருக்கும் கிரேக்கத்தில் ஒரே வினைதான். சமாரியனுக்கு மட்டும் ‘மனதுருகி’ என்பது சேர்கிறது. அதன்பின் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டுகிறான், தன் வாகனத்தில் ஏற்றுகிறான், சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்து, மேற்செலவையும் ஏற்கிறான். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, இம்மூவரில் அவனுக்குப் பிறன் (அயலான்) யார் என்று இயேசு கேட்டபோது, உவமையைக் கேட்டிருந்த நியாயசாஸ்திரி (யூதச் சட்ட அறிஞன்) சொன்ன விடை: ‘இரக்கஞ்செய்தவனே’. அவன் உள்ளுறுப்பைச் சுட்டும் சொல்லை எடுக்காமல், செயலோடு சேர்ந்த ‘எலெயோஸ்’ என்னும் வேறு சொல்லை எடுக்கிறான். உருக்கம் உள்ளே எழுகிறது. கதை கணக்கில் கொள்வது அது கைகளுக்கு வந்து சேர்ந்ததை. குடலோடு நின்றுவிடும் விளக்கத்தில் விடுபடுவது இதுவே.

அன்புடன்.