சாரையும் நல்ல பாம்பும் சேருமா? பாம்பு நம்பிக்கைகள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, எங்கள் வயல் வரப்பில் சாரையும் நல்ல பாம்பும் பின்னிப் பிணைந்து ஆடியதை என் கண்ணாலேயே பார்த்தேன். சாரை ஆண், நல்ல பாம்பு பெண் என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: ஆட்டத்தை நீங்கள் பார்த்தது உண்மைதான், தம்பி. ஆனால் அவை இரண்டுமே சாரை, அதிலும் இரண்டுமே ஆண். இணை சேரும் காலத்தில் ஆண் சாரைகள் மல்லுக்கட்டும். உடம்பை முறுக்கிக்கொண்டு, தலையை உயர்த்தி, எதிராளியின் தலையைத் தரையோடு அழுத்தப் பார்க்கும். தோற்றது விலகிப் போய்விடும். இரண்டில் எதுவாவது படம் எடுத்ததா என்று யோசித்துப் பாருங்கள். சாரையிலும் ஆண் பெண் உண்டு, நல்ல பாம்பிலும் உண்டு. இரண்டும் வேறு வேறு குடும்பம், சேரவே சேராது. சொல்லப்போனால், சின்னச் சாரை சிக்கினால் நல்ல பாம்பு அதை விழுங்கிவிடும். இந்த நம்பிக்கையால் எத்தனை சாரைகள் அடிபட்டுச் சாகின்றன என்று நினைத்தால் மனசு கனக்கிறது. விஷமே இல்லாத பாம்பு அது. உங்கள் நெல்லைத் தின்னும் எலியைத்தான் தின்கிறது.

கேள்வி: கொம்பேறி மூக்கன் கடித்தால், பிணம் எரிகிற புகையைச் சுடுகாட்டு மரத்தில் ஏறி நின்று பார்க்குமாமே?

பதில்: அதற்கும் விஷம் கிடையாது. கடித்தால் கீறல்தான், உயிர் போகாது. மெலிந்த உடம்பு, முதுகில் வெண்கலப் பழுப்பு. மிரண்டு கழுத்தை உப்பினால் செதில்களுக்கு இடையே வெளிர்நீலம் தெரியும். பல்லி, ஓணான், தவளை தேடித்தான் மரமேறுகிறது.

கேள்வி: ஒன்றை அடித்தால் ஜோடிப் பாம்பு பழிவாங்க வரும் என்கிறார்களே, சார்? எங்கள் வீட்டில் அடித்த அதே இடத்துக்கு இன்னொன்று வந்தது.

பதில்: பாம்புகள் ஜோடியாகக் குடும்பம் நடத்துவதில்லை. இணை சேர்ந்ததும் பிரிந்துவிடும். உங்கள் முகத்தை நினைவில் வைத்துத் தேடி வரும் என்பதற்கு ஆதாரமே இல்லை. இன்னொன்று வந்ததற்குக் காரணம் அந்த இடம். எலி, வளை, விறகுக் குவியல் என்று முதல் பாம்பை இழுத்தது எதுவோ, அதுவே அடுத்ததையும் இழுக்கும். இணை சேரும் காலமாக இருந்தால், பெண் பாம்பு விட்டுச்சென்ற வாசனையைப் பிடித்து ஆண் வரவும் வாய்ப்புண்டு. அந்த இடத்தைச் சுத்தம் செய்யுங்கள்.

கேள்வி: மகுடிக்கு ஆடுவது? பால் குடிப்பது?

பதில்: பாம்புக்கு வெளிக்காது இல்லை. தரையின் அதிர்வையும் தாழ்ந்த ஒலிகளையும் உணரும். மகுடியின் அசைவைப் பார்த்துத்தான் தலையைத் திருப்புகிறது. பால் அதன் உணவே அல்ல. தண்ணீர் காட்டாமல் வாட்டிய பாம்பு தாகத்தில் எதிலும் வாய் வைக்கும், அது கொடுமை.

கேள்வி: அண்ணா, அம்மா திண்ணையில் பாய் விரித்துப் படுப்பார். பூண்டு நசுக்கிப் போட்டு, வாசலில் சிறியாநங்கையும் வைத்திருக்கிறோம். போதுமா?

பதில்: போதாது, தங்கச்சி. எந்தப் பூண்டும் செடியும் பாம்பைத் தடுக்காது. தரையில் படுப்பவர்களுக்குக் கட்டுவிரியனைத்தான் சொல்லி எச்சரிக்க வேண்டும். பளபளக்கும் கருப்பில் மெல்லிய வெள்ளைப் பட்டைகள் இருக்கும், இரவில்தான் நடமாடும். கடித்த இடத்தில் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இருக்காது, பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியும்போது வயிறு வலிக்கும், கண் இமை தானாகத் தொங்கும், எச்சில் விழுங்க முடியாது. அஜீரணம் என்று கஷாயம் கொடுத்துக்கொண்டிருந்தால் மூச்சு நின்றுவிடும். கட்டிலில் படுக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் கொசுவலை கட்டி, ஓரங்களைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிடுங்கள். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியில் இறந்திருப்பார்கள் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர்.

கேள்வி: கடித்த பாம்பை அடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமா?

பதில்: வேண்டாம். அடிக்கப் போய் இன்னொருவரும் கடி வாங்குவார், நேரமும் போகும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். அதற்கான விஷத்தை மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துத் தருகிறார்கள். 1978-இல் தொடங்கிய சங்கம் அது. இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு, நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.